பெட்டி சைக்கிளில் ஏழு கட்டை

என் காலுக்கு ஒரு முழம் தள்ளித் தேங்காய் உடைந்தது. தண்ணீர் திரைச்சீலையைத் தாண்டித் தெறித்து என் முழங்காலை நனைத்தது. வெளியே யாரோ ஒரு பெண், "தாயே, எங்க லயத்துப் பக்கம் நீ வந்து எத்தனை வருசமாச்சு!" என்று தழுதழுத்தாள். கற்பூர வாசம் உள்ளே வந்தது.

நான் மல்லாந்து படுத்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ரோசலின். நான் கத்தோலிக்கப் பெண். எனக்குப் பிரசவ வலி. என் கணவர் என்னைச் சைக்கிளில் வைத்து ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். வெளியே கும்பிட்டு நின்றவர்களுக்கு இந்த நான்கில் ஒன்றுகூடத் தெரியாது.

சென்ற வாரம், எங்கள் ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டதை எழுதும்போது, 'எங்களிடம் ஒரு பெட்டி சைக்கிள் இருந்தது' என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். சிலிம் ரிவரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அது என்ன பெட்டி சைக்கிள்? ஐஸ்கிரீம் வண்டியா?"

இல்லை அம்மா. சொல்கிறேன்.

கார் இல்லாதவரின் கார்

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அண்மையில் ஒரு படம் அனுப்பினாள். முன்னால் பெட்டி வைத்த சைக்கிள். பெட்டிக்குள் இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், ஒரு கட்டுக் கீரை. அதன் பெயர் கார்கோ பைக்காம். அந்த ஊரில் படித்தவர்கள், வசதியானவர்கள் எல்லாம் அதைத்தான் ஓட்டுகிறார்களாம். "சித்தி, இது புதுசு" என்று எழுதியிருந்தாள். நான் பதில் போடவில்லை. நாங்கள் அதை வெட்கப்பட்டு ஓட்டினோம் என்று எப்படி எழுதுவது?

அந்தக் காலத்து ஈப்போவில் பாதி ஊர் அப்படித்தான் நகர்ந்தது. மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டி, வாழைத்தார், கோழிக்கூண்டு, தவ்ஃபூ என்கிற சோயாக்கட்டி வாளி எல்லாம் மூன்று சக்கரத்தில் போகும். புந்தோங் பக்கம் கச்சாங் பூத்தே விற்பவர்கள் வறுத்த கடலைக்குக் கண்ணாடிப் பெட்டியே கட்டி வைத்திருப்பார்கள். ஆனால் அவையெல்லாம் தொழில் வண்டிகள். வீட்டு உபயோகத்துக்கு, பெண்டாட்டியை உட்கார வைத்து ஓட்டுவதற்கு என்று அதை வாங்கியவர், எனக்குத் தெரிந்து, என் கணவர் ஒருவர்தான்.

அவர் பெயர் சவரிமுத்து. வண்டி வந்த பிறகு ஊரார் அதை 'சவாரிமுத்து' ஆக்கிவிட்டார்கள்.

ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் அவருக்கு வேலை. கார் லைசென்ஸுக்கு மூன்று முறை போனார், மூன்று முறையும் தோற்றார். ஓட்டத் தெரியாமல் இல்லை. சாலையில் நாய் வந்தால் நிறுத்திவிடுவார். அது கடந்து போகும் வரை காத்திருப்பார். நாய் நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டால் இவரும் உட்கார்ந்திருப்பார். மூன்றாவது தடவை, பரிசோதிக்க வந்த அதிகாரி காரை விட்டு இறங்கி நடந்தே அலுவலகத்துக்குப் போய்விட்டாராம்.

உப்பு வாத்து முட்டை விற்ற ஒரு சீனரிடமிருந்து அந்த வண்டியை வாங்கி வந்தார். முன்னால் இரண்டு சக்கரம். அவற்றுக்கு நடுவில், ஓர் ஆள் காலை மடக்கிப் படுக்கலாம் என்கிற அளவுக்குப் பலகைப் பெட்டி. பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன் மேல் ஓட்டுபவர். சாதாரண சைக்கிள் போலக் கைப்பிடி கிடையாது. பெட்டியின் முதுகில் குறுக்காக ஓர் இரும்புக் குழாய் இருக்கும். அதைப் பிடித்துத் தள்ளினால் பெட்டி முழுதும் திரும்பும். பெட்டி திரும்பினால் வண்டி திரும்பும். வண்டி திரும்ப வேண்டாம் என்று நினைத்தாலும் சில சமயம் திரும்பும்.

வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் அதைப் பற்றிப் பாடம் நடத்துவார்.

"கனமான சாமான் அடியில போகணும். சக்கரத்துக்கு நேரா வைக்கணும். ஒசரமா அடுக்கினா வளைவுல கவுந்துரும். எறக்கத்துல எறங்கிப் புடிச்சுக்கணும். மேட்டுல வெக்கப்படாம எறங்கித் தள்ளணும். அவ்வளவுதான்லா. பெட்ரோல் வேணாம், லைசென்ஸ் வேணாம்."

கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

எதை ஏற்றவில்லை அவர்? அரிசி மூட்டை, கேஸ் தோங் எனும் சிலிண்டர், தகரக் கூரை. ஒரு முறை அண்டை வீட்டுக் கண்ணாடி அலமாரியைக் கொண்டுவந்தார். வழிநெடுகிலும் நாய்கள் தங்கள் முகத்தைப் பார்த்தே குரைத்தன. இவர் ஒவ்வொரு நாய்க்கும் நின்று நின்று வந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. இன்னொரு முறை, கல்யாணத்துக்குக் கிளம்பிய மாப்பிள்ளை மழையில் நனையாமல் இருக்க, அவர் தலைமேல் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து வைத்து ஓட்டிப் போனார். அது மாப்பிள்ளைக்கே வந்த சீர்வரிசைத் தொட்டி. உள்ளேயிருந்து மாப்பிள்ளை பேசியது யாருக்கும் புரியவில்லை. வாழ்த்துகிறார் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

முட்டை இருக்கா?

எனக்கு அந்த வண்டி பிடிக்கவில்லை.

பெட்டியில் உட்கார்பவர் முன்னால் இருக்கிறார், ஓட்டுபவர் பின்னால். முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நான் ஏறினேன். எதிரே வருகிற உலகத்துக்கு என் முகம்தான் முதலில் தெரிந்தது. விற்பதற்குக் கொண்டுபோகிறார்கள் என்றே தோன்றும்.

தோன்றவும் செய்தது. மூன்றாவது மைல் அருகே ஒரு சீனப் பெண்மணி கை காட்டி வண்டியை நிறுத்தினாள். பெட்டிக்குள் குனிந்து என் காலடியில் தேடினாள். "தெலோர் அடா?" என்று கேட்டாள். முட்டை இருக்கிறதா என்று! பழைய முட்டைக்காரரின் வாடிக்கைக்காரி. வண்டியை அடையாளம் கண்டு நிறுத்தியிருக்கிறாள்.

"முட்டை இல்ல. இது என் பினி," என்றார் என் கணவர். மனைவி என்பதை மலாயில் சொன்னார். அந்தப் பெண்மணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு போய்விட்டாள்.

அன்று முதல் கோயிலுக்கு ஒரு வளைவு முன்பே இறங்கி நடப்பேன். "ஏன் இதை வாங்கினீங்க? ஊருல யாருமே வாங்கலையே?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "ஒரு வேலைக்கு ஆகும்லா," என்பார். எந்த வேலை என்று சொல்ல மாட்டார்.

கரையான் தின்ற தேர்

எங்கள் தோட்டம் ஈப்போவிலிருந்து ஏழாவது மைலில். எங்கள் பேச்சில் மைலுக்குக் கட்டை. அதனால் ஏழாங்கட்டை. பால்மரக் காட்டைப் பிரித்து விற்ற பிறகு தோட்டத்து லாரி போயிற்று, தோட்டத்து மருந்தகம் போயிற்று. மாரியம்மன் கோயில் மட்டும் இருந்தது. நாங்கள் நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள். திருவிழா என்றால் எங்களுக்கும் கூழ் வரும், கிறிஸ்துமஸ் என்றால் எங்களிடமிருந்து கேக் போகும்.

கோயில் தலைவரும் பூசாரியும் ஒருவரே, கோவிந்தசாமி அண்ணன். திருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"சவரி, தேர் அச்சைக் கரையான் தின்னுருச்சுப்பா. லாரியும் இல்ல. ஆத்தா எப்படி ஊர்வலம் போறது?"

என் கணவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. தன் வண்டியை ஒருவர் தேடி வந்ததே அவருக்குப் பெருமை.

"தாராளமா எடுத்துக்குங்கண்ணே. ஆனா இது முட்டை வண்டி."

கோவிந்தசாமி அண்ணன் பெட்டிக்குள் மூக்கை நுழைத்து முகர்ந்து பார்த்தார். "மஞ்சத்தண்ணி ஊத்திக்கலாம். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. அவளுக்கும் வேற வண்டி இல்லல," என்றார்.

அலங்காரத்தை என் கணவரே செய்தார். இரும்புக்கடைக்காரர் செய்த அலங்காரம். பனை ஓலை வளைவு, இரண்டு வாழைக்கன்று, மாவிலை, வேப்பிலை, ஜரிகைக் காகிதம், சிவப்பு மஞ்சள் திரைச்சீலை எல்லாவற்றையும் கட்டுக்கம்பியால் முறுக்கி முறுக்கிக் கட்டினார். வளைவில் வண்ண பல்புகள். பெட்டிக்கு அடியில், "கனம் அடியில" என்று சொல்லிக்கொண்டே, ஒரு கார் பேட்டரி. முன்னால் இழுக்க வடம். புயல் அடித்தாலும் ஓர் இலை விழாது.

ஆத்தா அன்று அழகாகத்தான் போனாள். நான் நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்று பார்த்தேன்.

"காத்திருக்க மாட்டேன்"

மறுநாள் காலை, எல்லாரும் திருவிழாக் களைப்பில் கிடந்தபோது, எனக்கு வலி வந்தது. தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்த வேன் மேளக்காரர்களை ஏற்றிக்கொண்டு கோலா கங்சார் போயிருந்தது. சீனக் கடைக்காரத் தவுக்கேயிடம் போன் இருந்தது. என் கணவர் ஓடிப்போய் டாக்ஸிக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

"வரேன்னு சொன்னான்," என்றார். அவர் முகம் சரியில்லை.

இதை இதுவரை இந்தத் தொடரில் நான் எழுதவில்லை. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் எங்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து இறந்தது. அன்றும் டாக்ஸிக்குச் சொல்லியிருந்தோம். வருகிறேன் என்றார்கள். வாசலில் காத்திருந்தோம். வந்தார்கள், பிந்தி வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்று காலை என் கணவர் வாசலுக்கும் அறைக்கும் நாலு நடை நடந்தார். ஐந்தாவது நடையில் நின்றார்.

"ரோசு, நான் காத்திருக்க மாட்டேன். எந்திரி."

"எதுல போறது?"

"நம்ம வண்டிலதான். எதுக்கு வாங்கினேன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. இதுக்குத்தான்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, வலியில் வந்ததாக வைத்துக்கொண்டேன்.

அண்டை வீட்டு அஞ்சலை அக்கா வந்துவிட்டார். பால் வெட்டும் பெண், ஐந்து பெற்றவர், எதற்கும் பதறாதவர். திருவிழாவுக்குக் கட்டிய மஞ்சள் சேலையோடே தூங்கி, அதோடே எழுந்து வந்திருந்தார். அலங்காரத்தைப் பிரிக்கலாம் என்று என் கணவர் குறடு தேடினார். கட்டுக்கம்பி அசையவில்லை. தன் கைவேலையைத் தானே திட்டிக்கொண்டு இரண்டு முடிச்சை அவிழ்ப்பதற்குள் எனக்கு அடுத்த வலி வந்துவிட்டது.

"வுடு தம்பி! இலையெல்லாம் என்னா பாரமா? கெளம்பு!" என்றார் அக்கா.

பெட்டியில் மெத்தை போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். "திரையை மூடுங்க. யாரும் பாக்க வேணாம்," என்றேன். மூடினார்கள். என் கோரிக்கையால்தான் பாதிப் பிரச்சினை வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வளைவும் வாழைக்கன்றும் மறைத்ததில் என் கணவருக்கு எதிரே எதுவும் தெரியவில்லை. அதனால் அஞ்சலை அக்கா பெட்டியின் முன்விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, "வலது! இடது! பள்ளம்!" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஈ ஓட்ட ஒரு கொத்து வேப்பிலையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். வண்டி குலுங்கியதில் எங்கோ கம்பி பட்டு, வளைவிலிருந்த பல்புகள் எரியத் தொடங்கின. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. அணைக்க நேரமில்லை.

இனி நீங்களே நினைத்துப் பாருங்கள். சாலையில் நிற்பவர் கண்ணுக்கு என்ன தெரியும்?

தண்ணி வந்துருச்சு!

தோட்டம் ஒன்றாக இருந்தவரை, ஆத்தாவின் ஊர்வலம் ஐந்தாங்கட்டையில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரை லாரியில் போகும். விற்ற பிறகு நின்றுவிட்டது. அந்த லயத்துச் சனங்கள் மூன்று நான்கு வருடங்களாக ஆத்தாவைப் பார்க்கவில்லை. திருவிழாவுக்கு மறுநாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல், விளக்குகள் மின்ன ஆத்தாவே வந்துவிட்டாள்.

குடத்தோடு ஓடி வந்து சக்கரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தேங்காய் உடைந்தது. வழி அடைத்துவிட்டது.

"நவுருங்கலா! உள்ள இருக்கறது ஆத்தா இல்ல, என் சம்சாரம்!" என்று என் கணவர் கத்தினார்.

"ஐயோ பாவம், இவருக்கும் அருள் வந்துருச்சு," என்று ஒரு பெண் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் நெற்றியிலும் ஒரு கை திருநீற்றைப் பூசிவிட்டது.

அதே பெண், முனியம்மா என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன், திரைக்கு அருகில் வந்து மண்டியிட்டாள். அந்த லயத்தில் தண்ணீர்க் குழாய் காய்ந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. பிள்ளைகள் ஆற்றிலிருந்து சுமந்துகொண்டிருந்தார்கள்.

"தாயே! எங்க லயத்துக்குத் தண்ணி வருமா? ஒரு வார்த்தை சொல்லு!"

சரியாக அந்த நொடியில் என் பனிக்குடம் உடைந்தது.

"அக்கா! தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!" என்று நான் அலறினேன். அஞ்சலை அக்காவிடம்தான் சொன்னேன்.

வெளியே எழுந்த குலவையில் என் வலியே ஒரு நிமிடம் நின்றுபோனது. நாலைந்து பேர் குழாயைப் பார்க்க ஓடினார்கள். மற்றவர்கள் வண்டியோடு நடக்கத் தொடங்கினார்கள். யாரோ ஒரு தப்பு எடுத்து வந்து அடித்தார்கள்.

நாலாங்கட்டையில் எதிரே வந்த ஒரு கார் ஓரங்கட்டி நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடிக் கும்பிட்டார். அஞ்சலை அக்கா பழக்கதோஷத்தில் வேப்பிலையை அவர் பக்கம் ஆட்டி வைத்தார். அவர் மனநிறைவோடு காரை எடுத்துக்கொண்டு ஏழாங்கட்டைக்குப் போனார்.

அது எங்களுக்காக வந்த டாக்ஸி. கூட்டத்தின் சத்தத்தில் அக்காவுக்கு அது உறைக்கவில்லை. என் கணவருக்கோ முன்னால் இருந்தது வாழைக்கன்று மட்டும்.

மேடு

மூன்றாங்கட்டைக்கு முன்னால் ஒரு மேடு இருக்கிறது. காரில் போகிறவர்களுக்கு அது மேடு என்றே தெரியாது. வெற்றுப் பெட்டியோடு ஏறவே என் கணவர் இறங்கித் தள்ளுவார். அன்று பெட்டியில் நான், மெத்தை, பேட்டரி, வாழைக்கன்று.

அஞ்சலை அக்கா குதித்து இறங்கினார். இருவரும் தள்ளினார்கள். வண்டி பாதி ஏறி நின்றது. பிறகு ஒரு சாண் பின்னால் வந்தது. என் கணவரின் மூச்சு திரைக்கு அப்பால் மர அறுவை மில் போலக் கேட்டது.

"வடம் இருக்கே, நாங்க இழுக்கறோம் சாமி," என்றது ஓர் ஆண் குரல்.

"இழுக்கச் சொல்லுங்கக்கா," என்று உடனே சொல்லியிருக்கலாம் அல்லவா? என் கணவர் சொல்லவில்லை. அக்காவிடம் கிசுகிசுத்தார்: "ஆத்தான்னு நெனச்சு இழுக்கறாங்க. ஏமாத்தற மாதிரி இருக்குக்கா."

"வாய மூடிக்க தம்பி. இழுக்க ஆள் வேணும். அப்புறமா மன்னிப்புக் கேட்டுக்கலாம்லா."

உள்ளே எனக்கு எல்லாம் கேட்டது. அவர்கள் இழுத்தால் நான் ஆஸ்பத்திரி சேர்வேன். உண்மையைச் சொன்னால் கோபித்துக்கொண்டு போனாலும் போவார்கள். ஆனால் குழாய்த் தண்ணீருக்காக ஒருத்தி என்னிடம் மண்டியிட்டிருந்தாள். முதல் குழந்தை போன பிறகு நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவளாக ஆகியிருந்தேன். ஒரு பொய்யின் மேல் இந்தக் குழந்தையைப் பெற எனக்குத் துணிச்சல் வரவில்லை.

திரையை நானே விலக்கினேன்.

வெயிலில் முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு முகங்கள் தெரிந்தன. ஐம்பது அறுபது பேர். குடம் வைத்தவர்கள், தட்டு வைத்தவர்கள், தோளில் பிள்ளை வைத்தவர்கள். என் தலைமயிரில் ஜரிகைக் காகிதம் ஒட்டியிருந்தது. முட்டிக்கால் வரை மஞ்சள் தண்ணீர்.

"அக்கா, நான் ஆத்தா இல்லக்கா," என்றேன். "நான் ரோசு. ஏழாங்கட்டை சவரிமுத்து வீட்டுக்காரி. வேதக்காரப் பொண்ணு. எனக்குப் புள்ள வலி. போன தடவை வழியிலேயே புள்ள போயிருச்சு. கோவிச்சுக்காதீங்க."

தப்புச் சத்தம் நின்றது. முனியம்மா என்னைப் பார்த்தாள். என் வயிற்றைப் பார்த்தாள். பல்புகளைப் பார்த்தாள். சிவப்பு, பச்சை.

பிறகு திரும்பி, இருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்:

"புள்ளத்தாச்சிடி! என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? புடிங்கடி வடத்தை!"

"தள்ளுங்கக்கா! தள்ளுங்க!" என்று நானும் கத்தினேன்.

வடத்தில் முப்பது பேர், பின்னால் இருபது பேர். அந்த மேட்டில் எங்கள் பெட்டி சைக்கிள் பறந்தது. என் கணவர் ஓட்டவில்லை. இருக்கையில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மிதி தானாகச் சுற்றி அவர் கணுக்காலில் அடித்துக்கொண்டிருந்தது. இறக்கத்தில் அதே ஐம்பது பேர் வடத்தைப் பின்பக்கம் கட்டிப் பிடித்துக்கொண்டு எங்களை இறக்கிவிட்டார்கள். ஓடிக்கொண்டே முனியம்மா என் கையைப் பிடித்திருந்தாள்.

"மூச்சு வுடு ரோசு. வாயால வுடு," என்றாள். சற்றுப் பொறுத்து, தலையைக் குனிந்து, "ஆனா தண்ணி வருதுன்னு சொன்னியே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அது என் தண்ணிக்கா."

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓடினாள். "சரி. எதோ ஒரு தண்ணி," என்றாள்.

பெர்மிட்

ஊருக்குள் நுழைகிற முச்சந்தியில் மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் கையை உயர்த்தி நிறுத்தினார். ஊர்வலம் போக அனுமதி வேண்டும். கூட்டத்தைப் பார்த்தார், தேரைப் பார்த்தார், நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"பெர்மிட் அடா?"

என் கணவருக்கு லைசென்ஸ் பரிசோதனை ஞாபகம் வந்துவிட்டதாம். திரையை மட்டும் விலக்கிக் காட்டினார்.

போலீஸ்காரர் உள்ளே குனிந்தார். நான் அந்த நேரம் ஒரு வலியில் இருந்தேன், எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. அவர் நோட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஓடினார். அதன் பிறகு ஆஸ்பத்திரி வரை அவர் விசில் ஊதிக்கொண்டு முன்னால் போக, பின்னால் தப்பு, வாழைக்கன்று, சிவப்பு, பச்சை. கார்கள் ஓரம் ஒதுங்கின. சுல்தான் வந்தாலும் அவ்வளவு ஒதுங்கியிருப்பார்களா தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் காவல்காரர் ஒருவர்தான் அசையவில்லை. வண்டியின் பக்கவாட்டில் இன்னும் அழியாதிருந்த முட்டைக்காரரின் சீன எழுத்தைக் காட்டி, இங்கே வியாபாரம் செய்யக் கூடாது என்று உறுதியாகச் சொன்னார். போலீஸ்காரர் அவரை அப்படியே தூக்கி ஓரமாக வைத்தார்.

தள்ளுவண்டிக் கட்டிலில் என்னை மாற்றியபோது, மிஸி, அதாவது நர்ஸ் ஒருத்தி, என் தலையிலிருந்து மாவிலைகளைப் பொறுக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மிஸி.

நண்பகலுக்கு முன்பே பிறந்துவிட்டாள். பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. மிஸி அவளைத் தலைகீழாகப் பிடித்து ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தம், வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஐந்தாங்கட்டைக் கூட்டத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். குலவைச் சத்தம் பிரசவ வார்டுக்குள் வந்தது.

அவளுக்கு மேரி என்று பெயர் வைத்தோம். ஐந்தாங்கட்டையில் இன்றுவரை மாரி. அங்கே தண்ணீரும் வந்தது, ஆனால் உடனே இல்லை. மனு மேல் மனு போட்டு, அடுத்த மழைக்காலத்தில்தான் வந்தது. முதல் குடத்தை முனியம்மா பேருந்தில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பாதி சிந்திவிட்டது. "நீ சொன்னதுதானே," என்றாள். நான் குடத்தை வாங்கி உள்ளே வைத்தேன்.

ஒரு கடிதம்

மேரிக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முன் பங்குச் சாமியார் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் சாமியார் அதிகம் பேசாதவர். தொட்டாலே ஆடுகிற ஒரு பழைய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் எழுத எழுத மைப்புட்டி குதித்துக்கொண்டிருந்தது.

அவர் கையில் ஒரு கடிதம். சபையைச் சேர்ந்த யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். ரோசலின் என்கிற பெண் அலங்காரத் தேரில் ஏறி, சனங்கள் தன்னைக் கும்பிட அனுமதித்தாள், கற்பூரம் ஏற்றுக்கொண்டாள், வாக்குச் சொன்னாள் என்று மூன்று பக்கம்.

"இதெல்லாம் உண்மையா?" என்று கேட்டார்.

"தேங்காயும் உடைச்சாங்க, ஃபாதர். அதை எழுதலையா?"

அவர் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "இல்ல. அதை வுட்டுட்டாங்க," என்றார். பிறகு, "அவங்க கும்பிட்டப்ப நீ என்ன சொன்னே?"

"நான் ஆத்தா இல்ல, ரோசுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"தள்ளுங்கக்கான்னு சொன்னேன்."

"தள்ளினாங்களா?"

"ஆஸ்பத்திரி வரைக்கும், ஃபாதர்."

"எத்தனை பேரு?"

"அம்பது அறுபது பேரு இருக்கும்."

அவர் கடிதத்தை மறுபடி புரட்டினார். "இதை எழுதினவங்க எல்லாத்தையும் பக்கத்துலேருந்து பாத்திருக்காங்க போல," என்றார். "நல்லா எழுதியிருக்காங்க. பல்பு நிறம்கூட எழுதியிருக்காங்க."

"அப்படித்தான் தெரியுது, ஃபாதர்."

"தள்ளினவங்கள்ல நம்ம சபை ஆளு யாராச்சும் இருந்தாங்களா?"

"என் வீட்டுக்காரர் மட்டும்தான்."

சாமியார் தலையாட்டினார். கடிதத்தை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். நாற்காலியை விட்டு எழுந்து, அங்கியைச் சுருட்டிக்கொண்டு குனிந்து, அதை மேசையின் முன்கால் அடியில் செருகினார். கையால் மேசையை அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.

"ஞாயித்துக்கிழமை புள்ளையத் தூக்கிட்டு வா," என்று சொல்லிவிட்டு, மைப்புட்டியை நடுவில் வைத்து எழுதத் தொடங்கினார்.